டைட்டானியத்தின் மேல் ஹைட்ராக்ஸிஅபடைட் பூச்சு: ஃபர்னஸிலிருந்து எடுத்ததும் செதில் செதிலாக உரிகிறது

நுண்பூச்சு கேட்டது:

வணக்கம். உடைந்த எலும்பை இணைக்கும் எலும்புத் தகடுகளுக்கான ஹைட்ராக்ஸிஅபடைட் (எலும்பின் கனிமத்தை ஒத்த கால்சியம் பாஸ்பேட்) பூச்சு ஒன்றை மின்புலப் படிவு (இபிடி: திரவத்தில் மிதக்கும் துகள்களை மின்புலத்தால் உலோகத்தின் மேல் படியவைப்பது) முறையில் ஆய்வகத்தில் செய்து பார்க்கிறோம். உலோகம் டைட்டானியம் 6-4, அதாவது 6 சதவீதம் அலுமினியம், 4 சதவீதம் வனேடியம். துண்டுகள் 20 × 10 × 2 மி.மீ. எமரி தாளில் 1200 வரை தேய்த்து, அசிட்டோனில் அல்ட்ராசோனிக் கொடுத்து எடுக்கிறோம்.

தூள் நாங்களே தயாரித்தது: கால்சியம் நைட்ரேட், டைஅம்மோனியம் ஹைட்ரஜன் பாஸ்பேட், அம்மோனியா சேர்த்து வீழ்படிவாக்கி, 80 டிகிரியில் உலர்த்தியது. அதற்கு மேல் சுடவில்லை. எத்தனாலில் லிட்டருக்கு 20 கிராம். மின்முனைகளுக்கு நடுவே 10 மி.மீ., 50 வோல்ட், 3 நிமிடம். எதிர்முனை 316 எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு. பூச்சு 45 மைக்ரான் வருகிறது. 60 டிகிரி ஓவனில் உலர்த்தி, சாதாரண மஃபிள் ஃபர்னஸில் நிமிடத்துக்கு 10 டிகிரி ஏற்றி, 900 டிகிரியில் 2 மணி நேரம் வைக்கிறோம்.

உலர்த்தும்போதே வறண்ட ஏரித் தரை மாதிரி வெடிப்பு விழுகிறது. ஃபர்னஸிலிருந்து எடுத்தால் பாதிக்கு மேல் செதிலாகக் கழன்றுவிடுகிறது. எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ்கதிர்ச் சிதறல் வரைபடம்) 31.0 டிகிரி கோணத்தின் அருகே பீட்டா ட்ரைகால்சியம் பாஸ்பேட் என்ற வேண்டாத சேர்மம் தலைகாட்டுகிறது. உரியாமல் தப்பிய துண்டுகளை எஸ்பிஎஃப் கரைசலில் (உடல் திரவத்தை ஒத்த உப்புக் கரைசல்) அரிப்புச் சோதனை செய்தால், பூச்சே இல்லாத டைட்டானியத்தைவிட மின்னோட்டம் குறையவில்லை, சற்றுக் கூடவே இருக்கிறது. எங்கிருந்து சரிசெய்ய ஆரம்பிப்பது?

---

உலைக்களம் எழுதியது:

நீங்கள் ஒரே கோளாறாகச் சொல்வதில் நாலு கோளாறுகள் இருக்கின்றன. காரணமும் வெவ்வேறு. தனித்தனியே பிரிக்காவிட்டால் ஒன்றைச் சரிசெய்யும்போது இன்னொன்று கெடும்.

முதலில் உரிந்த செதிலைத் திருப்பி அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் பூச்சு மட்டும் கழன்றிருக்கிறது. மஞ்சளாகவோ சாம்பலாகவோ ஒரு படலம் ஒட்டியிருந்தால் கழன்றது பூச்சல்ல, அதற்குக் கீழே வளர்ந்த ரூட்டைல் எனும் டைட்டானியம் ஆக்சைடு. காற்றில் 900 டிகிரி, 2 மணி நேரம் என்றால் பெரும்பாலும் இரண்டாவதுதான். 800 டிகிரிக்கு மேல் டைட்டானியத்தில் வளரும் ஆக்சைடு தடித்து, அடுக்கடுக்காக, துளைகளோடு இருக்கும். அதன் மேல் எவ்வளவு நல்ல பூச்சு போட்டாலும் நிற்காது.

அதோடு முடிவதில்லை. ஆக்சிஜன் உலோகத்துக்குள்ளும் ஊடுருவிப் பல பத்து மைக்ரான் ஆழத்துக்கு ‘ஆல்ஃபா கேஸ்’ எனும் நொறுங்கும் அடுக்கை உண்டாக்கும். தகடு வளையும் ஒவ்வொரு முறையும் வெடிப்பு அங்கிருந்துதான் கிளம்பும். சாதாரணமாக இந்த அடுக்கை நைட்ரிக்-ஹைட்ரோஃபுளோரிக் அமிலக் கலவையில் கரைத்து எடுப்பார்கள். பூச்சுக்கு அடியில் இருப்பதை எப்படி எடுப்பீர்கள்? ஆகவே காற்றில் சுடுவதை இன்றே நிறுத்துங்கள். 0.00001 மில்லிபார் அளவு வெற்றிடம் வேண்டும். இல்லையென்றால் உயர்தூய்மை ஆர்கான் ஓடும் குழாய் ஃபர்னஸ் போதும். துண்டுக்கு முன்னால், வாயு நுழையும் பக்கம், டைட்டானியம் ஸ்பாஞ்ச் ஒரு கிண்ணத்தில் வைத்தால் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை அது விழுங்கிக்கொள்ளும்.

வெப்பநிலையையும் 800–850 டிகிரிக்குள் அடக்குங்கள். இந்த உலோகக்கலவை 995 டிகிரி வாக்கில் முழுக்க பீட்டா எனும் படிக நிலைக்கு மாறும். அதைத் தாண்டினால் குளிரும்போது ஊசித்தகடு அமைப்பு வந்து களைப்பு வலிமை (திரும்பத் திரும்ப வளையும்போது தாங்கும் வலிமை) குறையும். உங்கள் ஃபர்னஸின் தெர்மோகப்பிள் 30 டிகிரி தப்பாகக் காட்டினாலும் எல்லைக்கு வெளியே நிற்கும்படி இடம் விட்டு வையுங்கள்.

அடுத்தது வெப்ப விரிவு. ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் எவ்வளவு என்ற கணக்கில் ஹைட்ராக்ஸிஅபடைட் 13–14, டைட்டானியம் 6-4 சுமார் 9–10, 316 எல் 16–18. குளிரும்போது உங்கள் பூச்சு உலோகத்தைவிட அதிகமாகச் சுருங்க விரும்பும். உலோகம் விடாது. பூச்சு இழுவிசையில் மாட்டிக்கொள்ளும். வித்தியாசம் 4 என்று வைத்தால், 850 டிகிரி இறங்கும்போது 0.34 சதவீத இழுப்பு. அடர்ந்த ஹைட்ராக்ஸிஅபடைட் 0.1 சதவீத இழுப்பைத் தாங்கினாலே பெரிது. எனவே டைட்டானியத்தின் மேல் அடர்த்தியாகச் சின்டர் ஆன (சூட்டில் துகள்கள் ஒன்றோடொன்று இறுகிய) தடித்த பூச்சு வெடிக்காமல் இருப்பது கணக்குப்படியே நடக்காது. மெல்லியதாக, கொஞ்சம் துளைகளோடு இருந்தால் தப்பும். 45 மைக்ரானை 10–15 மைக்ரானாக இறக்குங்கள். மெதுவாகக் குளிரவைப்பது வெப்ப அதிர்ச்சியைத்தான் தவிர்க்கும். இந்த 0.34-ஐ அது குறைக்காது. பல ஆய்வேடுகளில் இரண்டையும் குழப்பி எழுதியிருப்பார்கள்.

பீட்டா ட்ரைகால்சியம் பாஸ்பேட் பற்றி: டைட்டானியத்தைக் குற்றம் சொல்வதற்கு முன் தூளை மட்டும் அலுமினா படகில் வைத்து 900 டிகிரியில் 2 மணி நேரம் சுட்டு எக்ஸ்ஆர்டி எடுங்கள். அதிலும் 31.0-இல் உச்சி வந்தால் தூளில் கால்சியம் குறைவு. கால்சியம்-பாஸ்பரஸ் விகிதம் 1.67-க்குக் கீழே இருக்கும் வீழ்படிவு, 700–800 டிகிரியிலேயே இரண்டாகப் பிரிந்துவிடும். பாஸ்பேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடும்போது பிஎச் 10-க்குக் கீழே இறங்கியிருந்தால் இப்படி ஆகும். அம்மோனியா ஆவியாகிக்கொண்டே இருப்பதால் தொடக்கத்தில் மட்டும் பிஎச் பார்த்தால் போதாது, கடைசிச் சொட்டு வரை பார்க்க வேண்டும். பிறகு 24 மணி நேரம் கலக்கிக்கொண்டே முதிரவிடுங்கள்.

தூள் மட்டும் சுத்தமாக வந்து பூச்சில் மட்டும் பீட்டா பாஸ்பேட் வந்தால், அப்போது டைட்டானியம்தான் சிதைவைத் தூண்டுகிறது. வெற்றிடமும் தண்ணீரை உறிஞ்சி எடுத்து இந்தச் சிதைவுக்குத் துணைபோகும். ஃபர்னஸ் வேலையில் இதுதான் தலைவலி: உலோகத்துக்கு வெற்றிடம் நல்லது, ஹைட்ராக்ஸிஅபடைட்டுக்கு ஈரக்காற்று நல்லது. இரண்டுக்கும் நடுவில் வழி, குறைந்த வெப்பநிலையும் குறைந்த நேரமும் மட்டுமே.

எக்ஸ்ஆர்டியில் 37.4 டிகிரி பக்கமும் ஒரு பார்வை வையுங்கள். அங்கே உச்சி இருந்தால் அது கால்சியம் ஆக்சைடு. எடுத்த அன்று பூச்சு நன்றாக இருக்கும், காற்று ஈரத்தில் ஹைட்ராக்சைடாக மாறி உப்பி, சில நாள் கழித்து உதிரும்.

---

மின்பகுளி எழுதியது:

உலைக்களம் சொன்னதற்கு முந்தைய கட்டம் பற்றி. உலரும்போதே வெடித்த பூச்சை எந்த ஃபர்னஸும் ஒட்டவைக்காது.

சுடாத நானோ தூள்தான் முதல் குற்றவாளி. மிக நுண்ணிய துகள்களுக்கு நடுவே எத்தனால் வெளியேறும்போது உண்டாகும் தந்துகி இழுப்பு மிக அதிகம், சுருக்கமும் அதிகம். தூளில் ஒரு பகுதியை 800 டிகிரியில் ஒரு மணி நேரம் சுட்டு, எத்தனாலில் பந்து ஆலையில் அரைத்து, சுடாத தூளோடு பாதிக்குப் பாதி கலந்து பாருங்கள். சுட்ட துகள் எலும்புக்கூடாக நிற்கும், சுடாதது சின்டரிங்குக்கு உதவும். முழுக்கச் சுட்ட தூள் போட்டால் வெடிப்பு நிற்கும், ஆனால் 850 டிகிரியில் ஒட்டாது. விரலால் தேய்த்தாலே மாவாக வரும்.

சஸ்பென்ஷன் லிட்டருக்கு 20 கிராம் அதிகம். 10 போதும். அரை மணி நேரம் அல்ட்ராசோனிக், ஓர் இரவு அசையாமல் வைத்து, அடியில் தங்கியதை விட்டுவிட்டு மேலே இருப்பதை மட்டும் எடுங்கள். எத்தனால் 99.9 சதவீதமாக இருக்கட்டும். திறந்து திறந்து மூடிய பாட்டில் மழைக்காலத்தில் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். தண்ணீர் இருந்தால் எதிர்மின்முனையில் ஹைட்ரஜன் குமிழ் வரும். ஹைட்ராக்ஸிஅபடைட் துகள் நேர்மின்னூட்டத்தோடு வந்து படிவதும் அங்கேதான் என்பதால், பூச்சு முழுக்க ஊசித்துளை விழும். டைட்டானியமும் ஹைட்ரஜனை உள்வாங்கும், அது வேறு தொல்லை. எத்தனாலுக்குப் பதில் ஐசோப்ரொப்பனால் எடுத்தால் படிவு மெதுவாகும், ஆனால் சீராக இருக்கும்.

எதிர்முனையில் 316 எல் வேண்டாம். சஸ்பென்ஷனை நிலைநிறுத்த அமிலம் ஒரு துளி விட்டாலும் நேர்முனையாக இருக்கும் ஸ்டீல் கரைந்து, இரும்பும் நிக்கலும் நேராக உங்கள் பூச்சுக்குள் போகும். பூச்சு இளமஞ்சளாகத் தெரிந்தால் இதைச் சந்தேகியுங்கள். பிளாட்டினம் வலை, இல்லாவிட்டால் அடர்ந்த கிராஃபைட் பயன்படுத்துங்கள். துண்டின் இரு பக்கமும் இரண்டு எதிர்முனைகள் வைத்தால் முன்னும் பின்னும் ஒரே தடிப்பு வரும்.

வோல்ட்டை 20-இல் தொடங்கி 30 விநாடிக்கு ஒருமுறை 10 ஏற்றுங்கள். குறைந்த வோல்ட்டில் முதலில் சிறு துகள்கள் அடர்த்தியாகப் படியும், அதன் மேல் மற்றது ஒட்டும். 10 முதல் 15 மைக்ரானில் நிறுத்தி, எடுத்தவுடன் படுக்கை நிலையில், எத்தனால் கொஞ்சம் ஊற்றிய மூடிய பீக்கருக்குள் ஒரு தட்டின் மேல் 24 மணி நேரம் வையுங்கள். அதன் பிறகுதான் 40 டிகிரி, அதன் பிறகு 100. ஈரத்தோடு 60 டிகிரி ஓவனில் நுழைப்பது வெடிப்பைக் கேட்டு வாங்குவது.

வெடிப்பு சிறிது மிஞ்சினாலும் வழி உண்டு. முதல் பூச்சைச் சுட்டு முடித்தபின் அதே துண்டில் இரண்டாவது பூச்சு போடுங்கள். வெடிப்புக்குள் உலோகம் திறந்திருப்பதால் மின்புலம் அங்கே குவியும், துகள் முதலில் அந்த இடைவெளியைத்தான் நிரப்பும். இரண்டுக்கு மேல் போக வேண்டாம், தடிப்பு மறுபடி ஏறிவிடும்.

ஆனால் இது எலும்புத் தகட்டுக்கு என்றால் ஃபர்னஸே வேண்டாம் என்பது என் கட்சி. கைட்டோசான் (இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கும் பாலிமர்) சேர்த்துப் படியவையுங்கள். 1 சதவீத அசிட்டிக் அமிலத்தில் கைட்டோசானைக் கரைத்து, எத்தனால்-தண்ணீர் கலவையில் லிட்டருக்கு அரை கிராம் கைட்டோசான், 2 முதல் 4 கிராம் ஹைட்ராக்ஸிஅபடைட் வருமாறு கலந்து, 15–20 வோல்ட்டில் 3 முதல் 5 நிமிடம். எதிர்மின்முனை அருகே பிஎச் ஏறும். 6.5-ஐத் தாண்டினால் கைட்டோசான் மின்னூட்டம் இழந்து, கரையாத படலமாக அங்கேயே இறுகும், துகள்களையும் பிடித்துக்கொள்ளும். அறை வெப்பத்தில் உலர்த்தினால் வேலை முடிந்தது. விரிவு வேறுபாடு, ஆல்ஃபா கேஸ், பீட்டா பாஸ்பேட் எதுவும் இல்லை. தண்ணீர் சேர்ப்பதால் குமிழ் வரும், அதனால் வோல்ட்டை ஏற்றாதீர்கள். ஆட்டோகிளேவில் வைக்காதீர்கள், எத்திலீன் ஆக்சைடில் கிருமி நீக்குங்கள். காமா கதிர் கைட்டோசானின் சங்கிலியை அறுக்கும்.

---

நுண்பூச்சு எழுதியது:

நன்றி. செதிலின் அடியில் சாம்பல்-மஞ்சள் படலம் இருக்கிறது, உலைக்களம் சொன்னது சரி. தூளை மட்டும் சுட்டதிலும் 31.0-இல் உச்சி வருகிறது.

இரண்டு கேள்விகள். விரிவுக் கணக்குப்படி 316 எல் சாதகமாகத் தெரிகிறதே, அதற்கு மாறிவிடலாமா? உரியாத டைட்டானியம் துண்டு ஒன்றை எபாக்ஸி ஒட்டி இழுத்ததில் 28 மெகாபாஸ்கல் வந்தது. பிளாஸ்மா பூச்சுக்கான ஐஎஸ்ஓ 13779 கேட்பதே 15 தான். அப்படியானால் உரியாத இடங்களில் பிடிப்பு நன்றாக இருக்கிறது என்று எடுக்கலாமா?

---

கீறல்சோதனை எழுதியது:

எடுக்க முடியாது. துளையுள்ள 45 மைக்ரான் பூச்சில் நீர்த்த எபாக்ஸி உலோகம் வரை இறங்கிவிடும். நீங்கள் அளந்தது எபாக்ஸிக்கும் உலோகத்துக்கும் உள்ள பிடிப்பை. இழுத்த பின் இரு முகங்களையும் எஸ்இஎம்மில் (மின்னணு நுண்ணோக்கி) பாருங்கள்: உலோகத்தின் மேல் எபாக்ஸியின் கார்பன் தெரிந்தால் சந்தேகமே இல்லை. திரவப் பசைக்குப் பதில் படலப் பசை பயன்படுத்துங்கள். பூச்சே இல்லாத ஒரு ஜோடியைப் பசையால் மட்டும் ஒட்டி இழுத்து, பசையின் சொந்த வலிமையை முதலில் பதிவு செய்யுங்கள். ஏஎஸ்டிஎம் எஃப்1147 முறைப்படி வட்ட முகத் துண்டு 25.4 மி.மீ. விட்டம், குறைந்தது ஐந்து துண்டுகள். செவ்வகத் துண்டில் இழுவை மையம் தவறி ஓரத்திலிருந்து பிய்யும்.

எண்ணோடு எந்த இடத்தில் உடைந்தது என்பதையும் எழுத வேண்டும்: பூச்சு-உலோக எல்லையிலா, பூச்சுக்குள்ளேயா, பசையிலா. மூன்றாவது என்றால் அந்த எண்ணை ‘இதற்குக் குறையாது’ என்று மட்டுமே சொல்லலாம்.

உரிந்த துண்டுகளை ஒதுக்கிவிட்டு, தப்பிய துண்டுகளை மட்டும் அளப்பதும் சரியல்ல. உரிந்தவற்றைப் பூஜ்யம் என்று கணக்கில் சேர்க்க வேண்டும்.

---

உலைக்களம் எழுதியது:

316 எல் பற்றி: விரிவு சாதகம் என்பது உண்மை. குளிரும்போது உலோகம் அதிகம் சுருங்கிப் பூச்சை அமுக்கத்தில் வைக்கும், பீங்கான் அமுக்கத்தைத் தாங்கும். ஓரங்களில் மட்டும் பூச்சு மடிந்து எழும்பும், அதனால் விளிம்பை அரை மி.மீ. ஆரத்துக்கு உருட்டிவிட வேண்டும். ஆனால் அந்த ஒரு சாதகத்துக்காக மாறினால் மூன்று இடத்தில் அடிவாங்குவீர்கள்.

எலும்புத் தகட்டுக்கான ஸ்டீல் கடையில் கிடைக்கும் 316 எல் அல்ல. ஏஎஸ்டிஎம் எஃப்138 தரம், நிக்கல் 13–15 சதவீதம், குரோமியத்தோடு மாலிப்டினத்தின் 3.3 மடங்கைக் கூட்டினால் 26-க்குக் குறையக்கூடாது. தகடுகளைக் குளிர்நிலையில் உருட்டி வலுவேற்றியே செய்கிறார்கள். அந்தத் தரநிலைப்படி குளிர்நிலையில் வலுவேற்றியதன் நெகிழ்வு வலிமை (நிரந்தரமாக வளையத் தொடங்கும் அழுத்தம்) குறைந்தது 690 மெகாபாஸ்கல், சூடாக்கிப் பதப்படுத்தியதற்கு 190. நீங்கள் 850–900 டிகிரியில் சுட்டால் முதலாவது இரண்டாவதை நோக்கிச் சரியும். தகடு நோயாளியின் காலில் வளைந்துவிடும்.

450 முதல் 850 டிகிரி வரையிலான இடைவெளியில் மெதுவாகக் குளிர்ந்தால் தானிய எல்லைகளில் குரோமியம் கார்பைடு படியும். ‘எல்’ என்பதால் கார்பன் 0.03 சதவீதத்துக்குள், ஆகவே உடனே நடக்காது. ஆனால் இரண்டு முறை பூசி இரண்டு முறை சுட்டால் நேரம் கூடிக்கொண்டே போகும்.

மூன்றாவதை யாரும் யோசிப்பதில்லை. ஸ்டீல் உள்வைப்பைக் கடைசியில் நைட்ரிக் அமிலத்தில் முக்கிப் பாசிவேட் செய்தாக (காப்பு ஆக்சைடுப் படலம் உண்டாக்கியாக) வேண்டும். ஃபர்னஸில் மேற்பரப்புக் குரோமியம் குறைந்த பிறகு அது இன்னும் அவசியம். ஆனால் நைட்ரிக் அமிலம் ஹைட்ராக்ஸிஅபடைட்டைச் சில நிமிடத்தில் கரைத்துவிடும். பூசும் முன் செய்த பாசிவேஷனோ ஃபர்னஸில் போய்விடும். துளைகள் வழியே குளோரைடு இறங்கும் இடத்தில், பாசிவ் படலம் பலவீனமான ஸ்டீல். குழி அரிப்புக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு கிடையாது.

டைட்டானியத்திலேயே இருங்கள்.

---

மின்பகுளி எழுதியது:

அரிப்பு மின்னோட்டம் ஏன் குறையவில்லை என்பதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. அது குறைய வேண்டும் என்ற எதிர்பார்ப்பே தவறு. ஹைட்ராக்ஸிஅபடைட் பூச்சு எலும்பை அழைத்து வருவதற்கு. துளையுள்ள பீங்கான் திரவத்தைத் தடுக்காது. உலோகத்தைக் காப்பது அதன் மேல் சில நானோமீட்டர் தடிப்பில் தானாக இருக்கும் டைட்டானியம் ஆக்சைடுதான். அதை நீங்கள் 900 டிகிரியில் வெடிப்புள்ள செதிலாக மாற்றிவிட்டீர்கள், மின்னோட்டம் கூடியதற்கு அதுவே போதும்.

காப்பு வேண்டுமென்றால் பூச்சுக்கு அடியில் செய்யுங்கள். நைட்ரிக் 10 பங்குக்கு ஹைட்ரோஃபுளோரிக் 1 பங்கு என்ற அளவில் நீர்த்த கலவையில் ஒரு நிமிடம் அரித்துக் கழுவுங்கள். நைட்ரிக் குறைந்தால் டைட்டானியம் ஹைட்ரஜனை இழுக்கும். கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் ஹைட்ரோஃபுளோரிக் பாட்டிலைத் திறக்காதீர்கள். பிறகு 1 மோலார் பாஸ்பாரிக் அமிலத்தில் துண்டை நேர்முனையாக்கி 30 வோல்ட்டில், மின்னோட்டம் விழுந்து நிலைக்கும் வரை ஆனோடைஸ் செய்யுங்கள். வோல்ட்டுக்கு ஏறத்தாழ 2 நானோமீட்டர் ஆக்சைடு வளரும். நிறமே அளவுகோல்: துண்டு முழுக்க ஒரே நீலம் வந்தால் சீராக இருக்கிறது. திட்டுத் திட்டாக நிறம் மாறினால் எண்ணெய்ப் பசை போகவில்லை, இல்லாவிட்டால் கம்பி இணைப்பு தளர்ந்திருக்கிறது. அதன் மேல் கைட்டோசான் பூச்சு. ஃபர்னஸ் இல்லாததால் இந்த ஆக்சைடு அப்படியே நிற்கும்.

பூச்சே போடாமல் எலும்போடு பிணைய வைக்கவும் வழி உண்டு. 1996-இல் கியோட்டோவில் கொகுபோ குழு வெளியிட்டது: 5 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் 60 டிகிரியில் 24 மணி நேரம், கழுவி உலர்த்தி 600 டிகிரியில் ஒரு மணி நேரம். மேலே சோடியம் டைட்டனேட் அடுக்கு உருவாகும். எஸ்பிஎஃப்-இல் வைத்தால் அதன் மேல் அபடைட் தானாக வளரும். கண்ணாடிப் பாத்திரத்தில் செய்யாதீர்கள், காரம் சிலிக்காவைக் கரைக்கும். டெஃப்லான் கலன் வேண்டும்.

அரிப்புச் சோதனைக்கு ஏஎஸ்டிஎம் எஃப்2129-ஐப் பின்பற்றுங்கள். 37 டிகிரி, நைட்ரஜன் குறைந்தது 30 நிமிடம் ஓட்டி ஆக்சிஜனை வெளியேற்றி, ஒரு மணி நேரம் திறந்த சுற்று மின்னழுத்தம் பார்த்து, பிறகு விநாடிக்கு 0.167 மில்லிவோல்ட் வேகத்தில் ஏற்றுங்கள். துண்டின் ஓரத்தை நெயில் பாலிஷால் மறைத்திருந்தால் அதன் அடியில் இடுக்கு அரிப்பு நடந்து மின்னோட்டம் பொய்யாகக் கூடும். தட்டையான செல்லில் ஓ-ரிங் வைத்து நடுப்பகுதியை மட்டும் திறந்து அளப்பது மேல். பூச்சும் அடியிலுள்ள ஆக்சைடும் தனித்தனியாக எப்படி இருக்கின்றன என்று தெரிய, 100 கிலோஹெர்ட்ஸிலிருந்து 10 மில்லிஹெர்ட்ஸ் வரை, 10 மில்லிவோல்ட்டில் இம்பிடன்ஸ் (மாறுதிசை மின்னோட்டத்துக்கான தடை) எடுங்கள். குறைந்த அதிர்வெண் பகுதி ஆக்சைடைக் காட்டும்.

---

கீறல்சோதனை எழுதியது:

ஒரு சேர்க்கை. மின்பகுளியின் கைட்டோசான் வழி தகட்டின் தட்டைப் பரப்புக்குச் சரி. ஸ்க்ரூ துளைகளுக்குள்ளும் ஸ்க்ரூ தலை உட்காரும் கிண்ணத்திலும் பூசாதீர்கள், முறுக்கும்போது முதலில் வழிக்கப்படுவது அங்கேதான். சிலிக்கோன் அடைப்பான் செருகிவிட்டுப் படியவைத்தால் போதும். இடுப்பு மூட்டுத் தண்டுகளில் 1980-களின் நடுவிலிருந்து பிளாஸ்மா தெளிப்பு ஹைட்ராக்ஸிஅபடைட் நிலைத்து நிற்கிறது என்றால், அங்கே 50 மைக்ரானுக்கு மேல் பூசினாலும் உலோகம் 850 டிகிரிக்குப் போவதில்லை, மேற்பரப்பும் அலுமினா மணல் அடித்துச் சொரசொரப்பாக்கியது. 1200 எமரியில் பளபளப்பாக்கிய உங்கள் துண்டில் பூச்சுக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. 400-இல் நிறுத்திவிட்டு அமில அரிப்புக்குப் போங்கள்.